ஒரே ஜாயின்ட்டில் இரண்டு நம்பர்

பாப்பா, தம்பி,

இந்த வருஷம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு நாம் ஏன் போகவில்லை என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். அம்மா, "உங்க அப்பாவையே கேளுங்க" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கிவரப் போய்விட்டேன். பால் வீட்டில் இருந்தது. எனக்கு வாயால் சொன்னால் கோர்வையாக வராது. நடுவில் அம்மா திருத்துவாள், பேச்சு அவள் தம்பி கல்யாணத்தில் போய் நிற்கும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். பிழை இருந்தால் பாப்பா திருத்திப் படித்துக்கொள்.

யோசித்துப் பார்த்தால் இது பாப்பாவின் பி.ஏ. பரீட்சையில்தான் ஆரம்பித்தது. அவளுக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அவள் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து அமெரிக்க வரலாற்றை ஒரு பத்தி இங்கிலீஷில் படித்துவிட்டு, அதையே எனக்குத் தமிழில் சொல்லுவாள். எனக்குச் சொன்னால் அவளுக்குப் பதியும் என்பது கணக்கு. பதிந்தது எனக்கு.

பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஐரிஷ்காரர்கள். துறைமுகத்தில் அவர்களை எதிர்கொள்ள சொந்தக்காரன் யாரும் இருக்க மாட்டான், ஆனால் கட்சிக்காரன் நிற்பான். தங்க இடம் காட்டுவான், வேலைக்குச் சேர்த்துவிடுவான், பதிலுக்கு ஓட்டு. இதைக் கேட்டுத் தம்பி, "நம்ம ஊர்க் கட்சிக்காரங்க அங்கயும் போயிருந்தாங்களாக்கா?" என்றான். பிறகு மில்லு, சுரங்கம், ரயில் பாதை. விடிந்தால் போய் இருட்டினால் திரும்புகிற வேலை. அதை எட்டு மணி நேரமாக்கச் சங்கம் கட்டினவர்கள், அடிபட்டவர்கள், செத்தவர்கள். நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதைகளை எங்கள் வெல்டிங் ஷாப்பில் சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் சித்தப்பா என்று கூப்பிடுகிற, திருவானைக்காவலில் இருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற நம் சங்கச் செயலாளருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "அண்ணே, இன்னைக்கு அமெரிக்காவுல என்ன ஆச்சு?" என்று பஸ்ஸில் இடம் பிடித்து வைத்துக்கொண்டே கேட்பார்.

அப்புறம் ஒரு ஞாயிறு பாப்பா சுருட்டுக் கதையைப் படித்தாள். எங்கள் அம்மா உறையூரில் சுருட்டுச் சுற்றிய கூலியில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன், அதனால் காதைத் தீட்டிக்கொண்டேன். மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட சீனர்கள், அது முடிந்ததும் ஊருக்குள் வேலை தேடி வந்தார்கள். கம்மிக் கூலிக்கு அவர்களை முதலாளி வைத்துக்கொண்டான். மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ என்ற ஊரில், வெள்ளைக்காரச் சுருட்டுத் தொழிலாளர் சங்கம் தங்கள் ஆட்கள் சுற்றிய சுருட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்ட ஆரம்பித்தது. இது சீனன் கை படாதது, இதை வாங்கு என்று அர்த்தம். சீனர்கள் போக வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசினவர்களில் ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். இன்னொரு கரையில் அதே ஐரிஷ்காரர்களைத்தான் வேலை கேட்டு வராதே என்று போர்டு மாட்டி விரட்டியிருந்தார்கள்.

"கடைசில என்னாச்சு பாப்பா?"

"சங்கம் கேட்டது கிடைச்சிடுச்சுப்பா. சீனத் தொழிலாளிங்க வரக் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு."

"அப்புறம் இவங்களுக்குச் சம்பளம் ஏறுச்சா?"

"அது சிலபஸ்ல இல்லப்பா."

எனக்கு அந்தச் சீட்டு மனசிலேயே கிடந்தது. காரணம் நம் யூனிட்.

துவாக்குடி யூனிட்டுக்கு ஒரு ஆயுத பூஜையன்று வந்து பொரி தின்றிருக்கிறீர்கள். நாங்கள் பெரிய கம்பெனிக்குச் செய்து கொடுப்பது இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத கனத்த குழாய்கள். இரண்டு துண்டைச் சேர்த்து வைத்து, எதிரெதிராக இரண்டு வெல்டர் நின்று ஒரே நேரத்தில் பற்ற வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் வைத்தால் குழாய் அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். பற்ற வைக்கும் முன்னால் கேஸ் கொடுத்து இரும்பைச் சுட வைப்போம். முடிகிற வரை அந்தச் சூடு இறங்கக் கூடாது. பாதியில் ஆறினால் உள்ளே விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் அவரவர் நம்பரை ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் பஞ்ச் என்கிற இரும்பு அச்சால் அடித்துவிட வேண்டும். எக்ஸ்ரேயில் பழுது வந்தால் அந்த நம்பர்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய பழுது என்றால் வெல்டர் அட்டையே போய்விடும். அப்புறம் எந்த ஷாப்பிலும் வெல்டிங் ராடு பிடிக்க முடியாது.

என் எதிர்ப்பக்கம் நின்றவர் ஒடிசாக்காரர். மீசை நரைத்தவர், நல்ல கை. அவரோடு வந்தவர்கள் ஷாப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். ஆதார் அட்டையை, அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்ட் வாங்கி வைத்திருந்தான். எல்லாரும் அவர்களை ஹிந்திக்காரங்க என்றுதான் சொன்னோம். "ஹிந்தி இல்லை அண்ணா, ஒடியா" என்று அவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "எல்லாம் ஒண்ணுதான் போய்யா" என்பார்கள்.

சங்கத்துக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இவர்கள் வந்த பிறகு நமக்கு ஓவர்டைம் நின்றது. புதிதாக நம் பிள்ளைகளை எடுப்பதும் நின்றது. கூலி கேட்டால் ஓனர் பின்பக்கக் கொட்டகையைக் கையால் காட்டுவார், வாய் திறக்க மாட்டார். தொட்டியத்தில் இருந்தும் முசிறியில் இருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் வேலை இல்லை என்று திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மார்கழியில் சங்கக் கூட்டம், இரும்புக் கடை மாடியில். செயலாளர் என்னைப் பேசச் சொல்லி எழுப்பிவிட்டார். "அண்ணன் அமெரிக்கக் கதை ஒண்ணு சொல்லுவாரு."

நான் சுருட்டுக் கதையைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்றால், பாருங்கள், அவ்வளவு தியாகம் பண்ணின சங்கம்கூட ஓனரை விட்டுவிட்டு இன்னொரு கூலிக்காரனைப் பிடித்துக்கொண்டது, நாம் அப்படிப் போகாமல் அவர்களையும் சங்கத்தில் சேர்த்து ஒரே கூலி கேட்போம் என்று முடிப்பதற்காக. சீட்டு ஒட்டின இடம் வந்ததும் கைதட்டினார்கள். நான் பின்பாதியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, அருமையான ஐடியாண்ணே" என்றார் செயலாளர். "நாம ஏன் அதைச் செய்யக் கூடாது? நம்ம ஆளு வெல்டு பண்ண ஜாயின்ட்ல நம்பர் பக்கத்துல ஒரு நட்சத்திரம் அடிப்போம். பெரிய கம்பெனி இன்ஸ்பெக்டர் பாத்தாலே தெரியணும், இது உள்ளூர் வேலைன்னு."

"நான் அதுக்குச் சொல்லலப்பா."

"எதுக்குச் சொன்னா என்னண்ணே, நல்லது வந்துச்சில்ல."

பின்னால் இருந்து ஒருவர், "அண்ணன் சிங்கப்பூர் போயிட்டு வந்தவருல்ல, அவருக்கு ரெண்டு பக்கமும் பாசம் இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருந்தது நிஜம். அங்கே உள்ளூர்க்காரர்கள் எங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள், வேலை முடிந்தால் ஏற்றிக்கொண்டு வந்து விடுவார்கள். பேச யாரும் கிடைத்ததில்லை.

அடுத்த வாரமே நட்சத்திரப் பஞ்ச் செய்து வந்துவிட்டது. முதல் அச்சை என் கையில்தான் கொடுத்தார்கள், கதை சொன்னவன் நான் என்பதால். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். எதிரெதிராக இரண்டு பேர் வைக்கிற ஜாயின்ட்டில் நட்சத்திரத்தை எங்கே அடிப்பது என்று கேட்டேன். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள்.

அதற்குள் வேலைநிறுத்தம் வந்துவிட்டது. வெளி மாநில ஆட்களை அனுப்பினால்தான் வேலை என்று கோரிக்கை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் கட்சிக்காரர் ஒருவர் கேட்டுக்கு வந்து பேசுவதாக ஏற்பாடு. அவர் கார் எப்போது வருகிறதோ அப்போது எல்லாரும் ராடைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அது வந்தபோது நானும் ஒடிசாக்காரரும் ஒரு ஜாயின்ட்டில் பாதியில் இருந்தோம். ஷாப் முழுக்க சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கேஸ் பார்க்கிறவரும் பர்னரை அணைத்துவிட்டுப் போய்விட்டார். நான் முகமூடியைத் தூக்கிப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான். போன் அடித்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? தலைவர் வந்தாச்சு."

"ஜாயின்ட் சூட்டுல இருக்குப்பா. முடிச்சிட்டு வந்துடுறேன்."

"ஆற விடுங்கண்ணே."

"வெடிச்சிடும்."

"வெடிக்கட்டும். உங்க நம்பருக்கு நான் பொறுப்பு. சங்கம் பேசும்."

"அவரு நம்பர்?"

செயலாளர், "அண்ணே, அதுக்குத்தானே நாம இங்க நிக்கிறோம்" என்றார்.

ஒடிசாக்காரருக்கு நம் பேச்சு அரைகுறையாகப் புரியும். பர்னரைத் தானே பற்ற வைத்துவிட்டு வந்து நின்றார். "அண்ணா, நீ போ. உன் ஆளு கோபம் பண்ணுது."

"நான் போனா நீங்க ஒருத்தரே என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் முடியாது" என்றார். அதை ஒரு தகவல் மாதிரித்தான் சொன்னார், கெஞ்சவில்லை.

போனால் ஜாயின்ட் கெடும். கெட்டால் எனக்குச் சங்கம் இருக்கிறது, அவருக்கு ஏஜென்ட் இருக்கிறான். ஏஜென்ட் என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியும். இருந்தால் எனக்குப் பெயர் கருங்காலி. இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சங்கத்துக் கொடியை ஏற்றின கை இது. இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க இரும்பு ஆறிக்கொண்டிருந்தது. முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். யோசித்து முடிவெடுத்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான், அப்படி இல்லை. சூடு இறங்குகிறதே என்ற பதற்றம்தான்.

முடித்து, நம்பர் அடித்து, மெதுவாக ஆறுவதற்காகச் சூடு தாங்குகிற கம்பளம் சுற்றிவிட்டு வெளியே வந்தால் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வெளியே இருக்கிறவர்கள் உள்ளே வந்து ஒடிசா ஆட்களை அடித்துவிடுவார்கள் என்று ஓனர் பூட்டச் சொல்லிவிட்டார். வாட்ச்மேனிடம் சாவி கேட்டேன். "நீங்க வெளிய போனா உங்களையும் அடிப்பாங்க சார், பேசாம உக்காருங்க" என்றார். கேட்டுக்கு அந்தப் பக்கம் என் ஆட்கள், தெரிந்த முகங்கள், தெரிந்த கோஷம். அதில் பாதி கோஷம் நான் எழுதிக் கொடுத்தது. யாரோ என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கை நீட்டிக் காட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். பதிலுக்கு யாரும் கை தூக்கவில்லை.

பின்பக்கம் போனேன். அங்கே ஆபீஸ் கதவு பாதி திறந்திருந்தது. கேட்டில் பேசி முடித்த கட்சிக்காரர், ஓனர் மட்டும் சாவி வைத்திருக்கிற பின்வாசல் வழியாக வந்து ஓனரோடு உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். இதை வெளியே இருக்கிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் சொல்வதை யார் நம்புவார்கள்? போனைத் திரும்பப் பையில் போட்டேன்.

கொட்டகையில் ஒடிசாக்காரர்கள் தண்ணீர் ஊற்றின சோற்றை வெங்காயம், பச்சை மிளகாயோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நம் வீட்டுப் பழைய சோறுதான், கொஞ்சம் புளிப்பு கூட. என் சாப்பாட்டுக் கேரியர் கேட்டுக்கு வெளியே, எல்லாரும் கேரியர் வைக்கிற சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தது. அவர் என்னிடம், "நாளைக்கு எங்களை அனுப்புமா அண்ணா?" என்று கேட்டார்.

"தெரியலையே."

"அனுப்பினா எங்க போகும்? கார்டு ஏஜென்ட் கிட்ட. டிக்கெட் ஏஜென்ட் கிட்ட." பிறகு, "நீயும் உள்ள, நானும் உள்ள" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இருந்தாலும் சிரித்தேன்.

சுவர்ப் பக்கமிருந்து யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. நான் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், பல் தெரிகிறது. கீழே ஒரே வார்த்தை, கருங்காலி. அதற்குக் கீழே கட்டை விரல் கட்டை விரலாக. நான் பதில் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்குள் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் போலீஸ் வந்து கேட்டைத் திறந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வைகுண்ட ஏகாதசிக்குக் கோயிலில் கூட்டம் என்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், நடந்து வந்தேன். "ஏம்ப்பா லேட்டு?" என்று தம்பி கேட்டான். கூட்டம் என்றேன்.

வேலைநிறுத்தம் நாலைந்து நாளில் முடிந்தது. ஓனர் ஒத்துக்கொண்டார். ஒடிசாக்காரர்களை ஒரே வேனில் ஏற்றி வேறு ஏதோ சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. அவர் நம்பருக்குப் போன் போட்டால் போகவில்லை. அந்த ஜாயின்ட்டின் எக்ஸ்ரே சுத்தமாக வந்தது. நமக்குக் கூலி ஏறவில்லை. பேசலாம் என்று ஓனர் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஒரு ஞாயிறு, காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறைக்குச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே, பேச மாட்டீங்களா?"

"குரூப்ல இருந்து எடுத்தது நீதானேப்பா."

"பசங்க கோவமா இருந்தாங்க. நான் என்ன பண்ணட்டும்? எனக்கு மட்டும் சந்தோஷமா?" அவர் குரல் நிஜமாகவே இறங்கியிருந்தது. "ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். அந்தக் குழாய் செவ்வாய்க்கிழமை லாரி ஏறுது. நீங்க காலைல சீக்கிரமா வந்து, அந்த ஜாயின்ட்ல அவன் நம்பரைக் கிரைண்டர்ல லேசா இழுத்து அழிச்சிடுங்க. உங்க நம்பர் பக்கத்துல நட்சத்திரத்தை அடிச்சிடுங்க. நான் ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போடுறேன். அண்ணன் வேலையை முடிச்சதே நம்ம பேருக்காகத்தான்னு எழுதுறேன். எல்லாம் சரியாப் போயிடும். பொங்கலுக்கு அண்ணி, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க."

"எக்ஸ்ரே ரெக்கார்டுல அவரு நம்பர் இருக்குமே."

"அதை ஓனர் பாத்துக்குவாரு."

"ஓனர் கூட இதைப் பேசிட்டியா?"

அவர் காவிரியைப் பார்த்தார். "அந்த ஆளு போயே போயிட்டான்ணே. அவனுக்கு என்ன தெரியப்போகுது? நீங்க இங்கயே இருக்கணும்ல?"

அது உண்மைதான். நான் இங்கேதான் இருக்க வேண்டும். அதே பஸ், அதே கேட். சங்கம் இல்லாமல் வேலை பார்த்த காலம் எனக்குத் தெரியும், அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக மாட்டேன், சங்கத்தை விட்டு விலகவும் மாட்டேன். விலகினால் ஓனருக்குத்தான் லாபம். ஆனால் உள்ளே இருக்க வேண்டுமானால் ஒரு மனுஷன் நின்று வேலை செய்ததையே இல்லை என்று ஆக்க வேண்டும் என்றால், அதற்கு நான் என்ன செய்வது? "பாக்குறேன்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை நான் முதல் பஸ்ஸில் போனதை அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். யார்டில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. குழாய் மரக்கட்டை மேல் கிடந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் நம்பர்களுக்குள்ளும் இறங்கி, கிட்டே போய்க் குனிந்தால்தான் தெரிகிற மாதிரி இருந்தது. கிரைண்டர் பக்கத்திலேயே, பிளக் மாட்டி, தயாராக வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் யார்டு ஓரத்தில் இருந்த மேஜையின் டிராயரிலிருந்து இரும்பில் கோடு கிழிக்கிற ஊசியை எடுத்து இரண்டு நம்பருக்குள்ளும் இருந்த பெயின்ட்டைச் சுரண்டினேன். அவருடையது ஆழமாக அடித்திருந்தது, கொஞ்சம் நேரம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் கவனிக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் கட்டம் போடுகிற மஞ்சள் பெயின்ட் பேனா ஒன்றும் அதே டிராயரில் இருந்தது. அதைக் குலுக்கி, இரண்டு நம்பரையும் சேர்த்துச் சுற்றி ஒரே கட்டமாகப் போட்டேன். குழாயின் வளைவில் ஒரு மூலை கோணலாகிவிட்டது. குனிந்து, அது காய்கிற வரைக்கும் வாயால் ஊதிக்கொண்டிருந்தேன்.